தொட்டி மாற்றிய ஆர்க்கிட் வாடுகிறதா? தண்ணீரை நிறுத்துங்கள்

கேள்வி: சென்னை தாம்பரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பூத்து முடிந்த ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் செடியைப் பத்து நாட்களுக்கு முன் கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் நிரப்பிய மண்தொட்டிக்கு மாற்றினேன். அழுகிய சில வேர்களை வெட்டினேன். அன்று முதல் தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைகள் துவள்கின்றன. தண்ணீர் போதவில்லையா? நர்சரிக்காரர் 650 ரூபாய்க்கு வேர் வளர்க்கும் டானிக் வாங்கச் சொல்கிறார். மலையிலிருந்து நேராக வந்த ஆர்க்கிட் 200 ரூபாய்க்கு இருக்கிறது என்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். தண்ணீரையும் இன்றே நிறுத்துங்கள்.

இலை துவண்டால் தாகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மல்லிக்கும் செம்பருத்திக்கும் பெரும்பாலும் அது சரி. ஃபலனாப்சிஸ் மண்ணில் வளரும் செடி அல்ல. காட்டில் அது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் விட்டு வாழ்கிறது. மழை பெய்தால் வேர் முழுதாக நனையும். மழை விட்டதும் காற்றில் உலரும். நீங்கள் வேர்களில் சிலவற்றை வெட்டியிருக்கிறீர்கள். வெட்டிய இடம் ஆறுவதற்குள் தினமும் நனைத்தால் பூஞ்சை அந்தக் காயத்தின் வழியே ஏறும், நல்ல வேரும் அழுகும். வேர் அழுகினால் இலைக்குத் தண்ணீர் போகாது. சுற்றிலும் ஈரம் இருந்தும் செடி வாடுவது இதனால்தான். அதைப் பார்த்துப் பதறி இன்னும் ஊற்றுகிறோம்.

செடியை மெதுவாக வெளியே எடுத்து, ஒவ்வொரு வேரையும் இரு விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர். தோல் கொழகொழவென்று வழுக்கிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்துவிட்டது. கத்தரிக்கோலைத் தீயில் காட்டி ஆறவிட்டு, அந்த வேரை வெட்டிவிடுங்கள். வெட்டிய வேரில் மஞ்சள் தூளோ இலவங்கப்பட்டைத் தூளோ அப்ப வேண்டாம். இலைக் காயத்துக்குப் பட்டைத்தூள் வைக்கலாம்; வேரில் வைத்தால் நல்ல பகுதியையும் அது உலர்த்திவிடும்.

வேர்க்கொத்தின் நடுவே, தண்டுக்கு நேர் கீழே, விரலை விட்டுப் பாருங்கள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பஞ்சு உருண்டையோ இறுகிய பாசி உருண்டையோ அகப்படலாம். திசு வளர்ப்புக் கூடத்திலிருந்து, அதாவது செடியின் சிறு துணுக்கிலிருந்து நாற்று உண்டாக்கும் இடத்திலிருந்து, வந்த நாற்றை முதலில் நட்டபோது வைத்தது அது. நாற்று வளர வளர, உருண்டையை எடுக்காமல் அப்படியே பெரிய தொட்டிகளுக்கு மாற்றிக்கொண்டே வருகிறார்கள். எடுக்க நேரமாகும், நேரம் காசு. வெளியே கரி உலர்ந்தாலும் உள்ளே அந்த உருண்டை நாள் கணக்கில் ஊறிக் கிடந்து, தண்டின் அடியையே அழுகவைக்கும். விற்கும்போது இதைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வருவதில்லை. பல நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் செடியில் பெயர்ச்சீட்டு கிடையாது. ‘தினம் கொஞ்சம் தெளியுங்கள் போதும்’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சிக்கிம் மாநிலம் பாக்யோங்கில் 1996 முதல் ஆர்க்கிட்டுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஆர்க்கிட் தோட்டமே வைத்திருக்கிறது. இவ்வளவு இருந்தும், செடி வாங்குகிறவர் கையில் நான்கு வரித் துண்டுச்சீட்டு ஒன்று வந்து சேர வழி இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உருண்டை இருந்தால் சிறு குச்சியால் கிளறி, வேர் முறியாமல் எடுத்துவிட்டுத் திரும்ப நடுங்கள். பிறகு மூன்று நான்கு நாட்களுக்குச் சொட்டுத் தண்ணீர் வேண்டாம். நேர் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்; பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர் இருக்கட்டும். ஐந்தாம் நாள் காலையில் குழாயடிக்குக் கொண்டுபோய், ஒரு நிமிடம் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியே முழுதாக வடியவிடுங்கள். கரண்டிக் கணக்கில் ஊற்றுவதும் ஐஸ் கட்டி வைப்பதும் வேண்டாம். இலைக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் பஞ்சால் ஒற்றி எடுங்கள். இரவு முழுதும் அங்கே தங்கினால் குருத்து அழுகும். குருத்து போனால் செடி பெரும்பாலும் பிழைக்காது.

அடுத்து எப்போது ஊற்றுவது என்பதை வேர் சொல்லும். ஆர்க்கிட் வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. உலர்ந்திருக்கும்போது அதில் காற்று நிரம்பி வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். நனைந்ததும் உறை கண்ணாடியாகி, உள்ளே இருக்கும் பச்சை வெளித்தெரியும். வேர் பச்சையாக இருந்தால் ஊற்றாதீர்கள். வெள்ளியாக மாறி, தூக்கினால் தொட்டியும் கனமில்லாமல் இருந்தால் ஊற்றுங்கள். சென்னையின் மே மாதத்தில், மண்தொட்டியில், இது இரண்டு நாளுக்கு ஒருமுறை வரலாம். ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம்கூட ஆகலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூன்று நான்கு நாள் காத்திருப்பது வெட்டுக்காயம் ஆறுவதற்காக. தொட்டி மாற்றும்போது வேரில் ஒரு வெட்டும் விழவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றே ஊற்றலாம். காய்ந்து சக்கையான வேரை நீக்கியது வெட்டு அல்ல, அது முன்பே செத்தது. ஆனால் பழைய தொட்டியிலிருந்து இழுக்கும்போது ‘டக்’கென்று முறிந்த நல்ல வேர், வெட்டாவிட்டாலும் காயம்தான், அதற்குக் காத்திருக்க வேண்டும். வேர் எல்லாம் கெட்டியாக, வெள்ளையாக, முறிவில்லாமல் இருந்தும் இலை சுருங்கியிருந்தால் அந்தச் செடிக்கு உண்மையிலேயே தாகம். அதைக் காக்கவைத்தால் இன்னும் சுருங்கும். முறிந்ததா இல்லையா என்று தெரியவில்லையா? காத்திருங்கள். நான்கு நாள் தாகத்தை ஃபலனாப்சிஸ் தாங்கும், அழுகலைத் தாங்காது.

தேங்காய் மட்டைத் துண்டை ஊறவைத்துத்தான் போட்டீர்களா? இல்லையென்றால் எடுத்து, மூன்று நாள் தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து அலசிவிட்டுப் போடுங்கள். மட்டையில் உப்பு இருக்கும். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தாலும் வேர்நுனி கருகும். மழைநீர் சேமித்தால் அதைவிட நல்லது இல்லை, ஆர்.ஓ. தண்ணீரும் சரி.

இனி டானிக். வேர் அழுகிய செடிக்கு எந்த பாட்டிலும் வேர் முளைக்கவைக்காது. உறிஞ்ச வேர் இல்லாத செடிக்கு உரம் ஊற்றினால் மிச்சம் இருப்பதும் கருகும். பச்சை நிறத்தில் புதிய வேர்நுனி எட்டிப்பார்க்கும் வரை உரமே வேண்டாம். வந்த பிறகு, உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராமுக்கு மிகாமல் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். 650 ரூபாய் கேட்பவரிடம், பாட்டிலில் என்ன சத்து எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். நீல ஆர்க்கிட் விதை என்று இணையத்தில் விற்பவர்களையும் நம்பாதீர்கள். ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. வீட்டுத் தொட்டியில் தூவி முளைக்கவைக்க முடியாது.

மலைச் செடியைப் பற்றிக் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. 200 ரூபாய்க்கு மலையிலிருந்து நேராக வந்தது என்றால், அது பெரும்பாலும் காட்டு மரத்திலிருந்து பிய்த்தது. குளிர்ந்த மலையில் வளர்ந்த செடி தாம்பரத்து வெயிலில் நிலைக்காது. அது செத்ததும் நீங்கள் இன்னொன்று வாங்குவீர்கள். அவர் இன்னொரு மரத்தை மொட்டையடிப்பார். அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்ற ஆர்க்கிட்டைச் சேகரிப்பாளர்கள் இப்படியே பறித்து அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த இனமும் நீல வாண்டா என்ற இன்னோர் ஆர்க்கிட்டும் காக்கப்பட்டவை. உலக வாணிபத்தில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வாணிபத்தை நாடுகள் சேர்ந்து கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்குள் வருகிறது. சட்டம் இருக்கிறது, வண்டியை நிறுத்திக் கூடைக்குள் எட்டிப்பார்க்கத்தான் ஆள் இல்லை. வாங்குகிறவர் வாங்க மறுத்தால் மலையிலிருந்து கூடை வருவது தானாக நின்றுவிடும்.

உங்கள் செடியில் கெட்டியான வேர் இரண்டு மூன்று மிஞ்சியிருந்தாலே பிழைக்கும். சுருங்கிய இலைகளை வெட்டாதீர்கள். அவை பழையபடி நிமிராமல் போனாலும், புது வேர் வரும்வரை செடி அவற்றில் இருப்பதை வைத்துத்தான் ஓட்டுகிறது. அடுத்து வரும் இலை சுருக்கமில்லாமல் விரிந்தால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். இந்த மார்கழிக் குளிரில் பூந்தண்டு வரவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். ஓர் ஆண்டு வேர் பிடிக்கட்டும்; பூவை அதன் பிறகு எதிர்பாருங்கள்.