பன்னிரண்டு வருடம் காய்ந்த மரம் ஏன் வெடித்தது?

கேள்வி: வீட்டுப் பின்புறம் சின்னதாகப் பட்டறை போட்டு என் முதல் அகூஸ்டிக் கிடாரைச் செய்து முடித்தேன். முன்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகை ரோஸ்வுட். இரண்டும் 12 வருடம் காய்ந்த மரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பலகைகளை உள்ளிருந்து தாங்கும் கட்டைகளான பிரேஸ்களை ஒட்டியது நல்ல மழைக்காலத்தில். நான்கு மாதம் அருமையாக ஒலித்தது. அப்புறம் ஏசி அறையில் வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். இப்போது கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் கீழிருந்து அடிவரை மரத்தின் ரேகையோடு ஒரு விரிசல். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களின் முனைகள் கையில் குத்துகின்றன, கம்பிகள் உரசுகின்றன. மரம் சரியில்லையா? முன்பலகையை 2.6 மில்லிமீட்டருக்கு இழைத்தது தப்பா? இதை எப்படிச் சரிசெய்வது, அடுத்த கிடாரில் என்ன மாற்றுவது?

பதில்: மரத்தைத் திட்ட வேண்டாம், இழைப்புளியையும் திட்ட வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: “பிரேஸ்களை ஒட்டியது நல்ல மழைக்காலத்தில்.” விரிசல், குத்தும் ஃப்ரெட், உரசும் கம்பி மூன்றுக்கும் காரணம் அந்த மழைக்கால ஈரம்தான்.

பழைய மரம் சுருங்காது என்று பலர் நம்புகிறார்கள். காய்ந்த மரம் என்றால் வெட்டும்போது இருந்த நீர் போய்விட்டது, அவ்வளவுதான். காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிப்பதும் விடுவதும் நூறு வருடம் ஆனாலும் நிற்காது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருந்தால் மரத்தில் ஏறக்குறைய 14 சதவீதம் ஈரம் தங்கும். காற்று 35 சதவீதத்துக்கு இறங்கினால் மரம் 7 சதவீதத்துக்கு வந்துவிடும். மழைநாள் பட்டறைக்கும் நன்றாக உலர்ந்துவிட்ட ஏசி அறைக்கும் நடுவே உள்ள தூரம் இந்த அளவுக்கு வரலாம்.

இனி கணக்கைப் பாருங்கள். கிடாருக்கு அறுக்கிற விதத்தில் அறுத்த ஸ்ப்ரூஸ், ஒவ்வொரு சதவீத ஈரத்தை இழக்கும்போதும் அகலத்தில் 0.15 சதவீதம் சுருங்கும். நீளத்தில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாத அளவு. உங்கள் முன்பலகையின் அகலம் 400 மில்லிமீட்டர் என்று வைத்தால், 7 சதவீத ஈரம் போகும்போது அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஒடுங்கப் பார்க்கும். ஆனால் பிரேஸ்களும் பிரிட்ஜும் பலகையின் ரேகைக்குக் குறுக்காக ஒட்டியவை. அவற்றின் நீளம் மாறாது. பலகை ஒடுங்கப் பார்க்கிறது, பிரேஸ் விடமாட்டேன் என்கிறது. முதலில் பலகையின் மெல்லிய வளைவு தட்டையாகி கொஞ்சம் இடம் கொடுக்கும். அதனால்தான் உங்கள் பிரிட்ஜ் இறங்கி, கம்பி உரசியது. அந்த இடமும் தீர்ந்தால் ரேகையோடு பிளக்கும். கழுத்தின்மேல் ஒட்டிய ஃபிங்கர்போர்டின் மரமும் அதேபோல ஒடுங்கியது, உலோக ஃப்ரெட் ஒடுங்கவில்லை. முனை கையில் குத்தாமல் என்ன செய்யும்?

பலகையைத் தடிமனாக விட்டிருந்தாலும் தப்பித்திருக்காது. தடிமனான பலகை ஒடுங்கும்போது இன்னும் பலமாகத்தான் இழுக்கும். ஒலியும் கெடும்: விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறுவதால், 2.6-ஐ 3 ஆக்கினால் பலகை ஒன்றரை மடங்கு விறைத்துவிடும். நான்கு மாதம் அருமையாக ஒலித்தது என்கிறீர்களே, 2.6 உங்கள் மரத்துக்குச் சரிதான்.

விரிசலுக்கு வருவோம். இப்போதே அதில் பசையைத் திணிக்காதீர்கள். சூப்பர் க்ளூ கூடவே கூடாது. பிறகு யார் திறந்து சரிசெய்தாலும் உங்களை வைவார்கள். கம்பிகளைத் தளர்த்துங்கள். ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்து, ஒலித்துளை வழியாக உள்ளே இறக்கி, கிடாரைப் பெட்டியில் மூடி வையுங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு வாரம் ஆகும். பிறகு இருட்டறையில் ஒரு சிறு விளக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். விரிசலில் வெளிச்சக்கோடு தெரியாவிட்டால் அது மூடிவிட்டது.

மூடியிருந்தால் வேலை எளிது. சூடான வஜ்ஜிரத்தையோ (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) சற்றே நீர்த்த மரப்பசையையோ விரிசல்மேல் தடவி, பலகையை விரலால் மெல்ல மேலும் கீழும் அசைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்ததும் உட்புறத்தில் ஸ்ப்ரூஸ் சில்லுகளை ஒட்டுங்கள்: ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், கட்டைவிரல் நகத்தளவு, விரிசலுக்குக் குறுக்காக ரேகை, ஓரங்கள் சரிவாக. கை எட்டாத இடத்தில் உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம் வைத்து அழுத்திப் பிடிக்கலாம்.

உங்கள் விஷயத்தில் முழுவதும் மூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 75 சதவீதத்தில் ஒட்டிய பலகை 48 சதவீதத்திலும் இழுபட்டுத்தான் இருக்கும். மூடும்வரை ஈரத்தை ஏற்றிக்கொண்டே போய் ஒட்டினால், பிறகு உலரும்போது அதே இடத்திலோ பக்கத்திலோ திரும்பப் பிளக்கும். எனவே 48-லேயே நிறுத்துங்கள். மீதியிருக்கும் இடைவெளிக்கு ஏற்ப அதே ஸ்ப்ரூஸிலிருந்து மெல்லிய ஆப்புப்போல ஒரு சீவலை இழைத்து, ரேகையைப் பொருத்தி உள்ளே இறக்கி ஒட்டுங்கள். பலகைக்கு எவ்வளவு அகலம் குறைகிறதோ அதைத்தான் அந்தச் சீவல் தருகிறது. மர மக்கு வைத்து அடைத்தால் பார்வைக்கு மறையும், பலம் வராது. ஃப்ரெட் முனைகளை இதெல்லாம் முடிந்து கிடார் ஒரு நிலைக்கு வந்த பிறகு அரத்தால் தேய்த்தால் போதும்.

அடுத்த கிடாருக்கு முதலில் காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் வேண்டும், அதை நம்பாமல் இருக்கவும் தெரிய வேண்டும். எனது மூன்றாவது கிடாரை முள் காட்டிய 48-ஐ நம்பி ஒட்டினேன். ஆறு மாதத்தில் பின்பலகை இரண்டாகப் பிளந்தது. பிறகு சோதித்தால் அந்தக் கருவி 17 குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. சோதனை எளிது: ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர். அதையும் கருவியையும் காற்றுப் புகாத பையில் எட்டுமணி நேரம் மூடி வையுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். கருவி வேறு எண் காட்டினால் வித்தியாசத்தை அதன் முதுகிலேயே எழுதிவிடுங்கள்.

எனக்குக் கருவியைவிட ஒரு மரத்துண்டுமேல் நம்பிக்கை அதிகம். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு நீளச் சீவல்கள்: ஒன்றில் ரேகை நீளவாக்கில், இன்னொன்றில் குறுக்கே. இரண்டையும் முகத்தோடு முகம் ஒட்டி, ஒரு முனையைச் சுவரில் அடித்துத் தொங்கவிடுங்கள். காற்று உலர உலர, குறுக்குரேகை உள்ள பக்கமாக வளையும். உப்புச் சோதனையில் தேறிய கருவியைப் பக்கத்தில் வைத்து, ஒட்டுவதற்கு ஏற்ற 45 சதவீதத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டால், பேட்டரியே வேண்டாம்.

பட்டறையை முழுக்க உலர்த்த முடியாதவர்களுக்கு ஒரு மூடிய அலமாரியும் பழைய குண்டு பல்பும் போதும். 28 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை 38 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 46-க்கு இறங்கிவிடும். பலகைகளையும் பிரேஸ் கட்டைகளையும் அதற்குள் நிற்க வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் ஒரு பலகையை நிறுத்து எழுதிக்கொண்டு வாருங்கள். எடை மாறாமல் நின்ற பிறகே ஒட்டுங்கள். ஒட்டியதும் மறுபடி அலமாரிக்குள். கிடாரின் உடற்பெட்டியை ஒட்டி மூடும்வரை இதுதான் ஒழுங்கு. கழுத்தைச் செதுக்குவது, பிரிட்ஜ் செய்வது எல்லாம் கொட்டும் மழையிலும் செய்யலாம். பக்கப்பலகைகளைத் தண்ணீரில் நனைத்து வளைத்திருந்தால் மட்டும், அச்சில் சில நாள் விட்டு நன்றாக உலர்த்திவிடுங்கள்.

சரியாக 45 அமையாவிட்டால் 40-ல் ஒட்டுங்கள், 55-ல் ஒட்டாதீர்கள். உலர்வாக ஒட்டிய பலகை மழையில் உப்பும், கம்பி கொஞ்சம் உயரும். அதற்கு உயரம் குறைந்த இன்னொரு சேடில் (பிரிட்ஜின்மேல் கம்பிகள் படியும் துண்டு) செய்து வைத்துக்கொண்டால் போதும். 35-க்குக் கீழே போவதும் வேண்டாம். பலகை உப்பி பிரேஸ் ஒட்டு விட ஆரம்பிக்கும்.

வயலின் செய்பவர்கள் முன்பலகையை வேண்டுமென்றே நீர்த்த வஜ்ஜிரத்தில் ஒட்டுவார்கள். மரம் ஒடுங்கும்போது பலகை பிளப்பதற்குமுன் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்று. கிடாரில் அந்தத் தந்திரத்துக்கு இடமில்லை. நம் பிரேஸ்கள் எழுபது கிலோ கம்பி இழுவையைத் தாங்க வேண்டும், ஒட்டு விடக்கூடாது. ஆகவே இந்த மழைக்காலம் முழுக்கக் கழுத்துகளைச் செதுக்குங்கள்; பிரேஸ் கட்டைகள் அலமாரியிலேயே இருக்கட்டும்.