வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் எதற்கு?

சென்னையில் வீடு பார்க்கப் போனால் வாடகையைச் சொன்ன கையோடு அட்வான்ஸும் சொல்வார்கள். அது உங்கள் பணம்தான். காலி செய்யும்வரை வீட்டுக்காரரிடம் இருக்கும். வாடகையோ கரண்ட் பில்லோ பாக்கி நின்றால், கதவு உடைந்தால், அதில் பிடித்துக்கொள்வார். விசேஷத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கும்போது முன்பணம் கட்டுகிறோமே, அதே கணக்கு. அண்டா நசுங்காமல் திரும்பினால் பணமும் திரும்பும்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 10 மாதம் கேட்டால் தயங்காமல் பேசிக் குறையுங்கள். சாவி வாங்கிய அன்றே பெயர்ந்த சுவர், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பின்னால் பெயின்ட் செலவு என்று பிடிக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

அப்புறம், கடைசி மாதங்களின் வாடகையை நாமே அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. நீங்களாக நிறுத்தினால் அது வாடகை பாக்கி.