முழு சிக்னல் காட்டுது, ஆனா வீடியோ ஓடலை!
வீட்டு வைஃபை: வாசகர் கேள்வி – பதில்

வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது பழைய காலத்து நீள வீடு. ரூட்டர் வாசல் பக்கத்து அறையில் இருக்கிறது. ரேழி, கூடம், முற்றம் எல்லாம் தாண்டிப் பின்கட்டில் மகன் படிக்கும் அறை. அங்கே சிக்னலே வராததால் எக்ஸ்டெண்டர் வாங்கி அந்த அறையிலேயே மாட்டினோம். இப்போது போனில் முழு சிக்னல் காட்டுகிறது, ஆனால் ஆன்லைன் வகுப்பு சுற்றிச் சுற்றி நிற்கிறது. பெட்டி பழுதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெட்டியில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. மாட்டிய இடம்தான் தவறு. எக்ஸ்டெண்டர் தானாக எதையும் உண்டாக்குவதில்லை. ரூட்டர் சொல்வதைக் காதில் வாங்கி, அதையே மறுபடி உரக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். காதில் விழாத இடத்தில் அதை நிறுத்தினால் அது எதைச் சொல்லும்? போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ள சிக்னலை மட்டுமே காட்டும். எக்ஸ்டெண்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே என்ன நிலவரம் என்பது அந்தக் கோடுகளில் தெரியாது. உங்கள் வீட்டில் அறுந்து கிடப்பது அந்த இடம்தான்.

சரியான இடத்தைக் கண்ணால் தேட வேண்டாம், அளந்தே கண்டுபிடிக்கலாம். முதலில் எக்ஸ்டெண்டரைக் கழற்றி வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ரூட்டரிலிருந்து பின்கட்டு நோக்கி நடங்கள். உங்கள் வைஃபை பெயருக்கு எதிரே டிபிஎம் என்ற அளவில் ஒரு மைனஸ் எண் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. ரூட்டர் பக்கத்தில் -35 போல இருக்கும். -67 வரை வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் போகும். -70ஐத் தாண்டினால் இழுபறி. -80இல் பெயர் தெரியும், வேலை நடக்காது. இந்த எண்ணில் 3 குறைந்தாலே சிக்னலின் வலு பாதியாகிவிடும், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் -60க்கும் -70க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

எக்ஸ்டெண்டருக்கு ஏற்ற இடம் -55 முதல் -65 வரை காட்டும் இடம். அதைவிட ரூட்டரை ஒட்டி வைத்தால் பின்கட்டுக்கு எட்டாது. அதைவிடத் தள்ளி வைத்தால் இப்போதைய கதைதான்.

உங்கள் வீட்டில் முற்றம் இருப்பது பெரிய வசதி. பழைய வீட்டின் தடித்த செங்கல் சுவர்கள் சிக்னலை விழுங்கிவிடும், ஆனால் முற்றத்து வெட்டவெளி எதையும் தடுக்காது. வாசல், ரேழி, கூடம், பின்கட்டு நிலைப்படிகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால், அந்தக் கோட்டைப் பார்த்தபடி உள்ள கூடத்துச் சுவரில், முற்றத்துச் சாரல் படாத இடத்தில் மாட்டிப் பாருங்கள். ப்ளக் பாயிண்ட் தரையோடு ஒட்டி பீரோவுக்குப் பின்னால் இருந்தால் அங்கே செருகாதீர்கள். இரும்பு பீரோ சிக்னலுக்குச் சுவரைவிடப் பெரிய எதிரி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு நெஞ்சு உயரத்துக்கு ஏற்றுங்கள். நிலைக்கண்ணாடி, ஃப்ரிட்ஜ், மீன்தொட்டி ஆகியவற்றிலிருந்தும் விலக்கியே வையுங்கள்.

கேள்வி: எங்கள் திட்டம் 100 எம்பிபிஎஸ். எக்ஸ்டெண்டர் அட்டைப்பெட்டியில் 300 என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் வேகம் 35ஐத் தாண்டவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திருப்பூர்

பதில்: அந்த 300 காற்றில் போகும் உச்ச வேகக் கணக்கு. கைக்கு வந்து சேரும் வேகம் வேறு. வைஃபை அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஆன்டெனா கொண்ட பெட்டி, 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுதாகக் கிடைத்தால்தான் 300 என்ற கணக்கே வரும். அக்கம்பக்கத்தில் பத்து ரூட்டர் இருக்கும் தெருவில் அது 20 மெகாஹெர்ட்ஸாகச் சுருங்கும், கணக்கு 144க்கு இறங்கும். அதில் உண்மையாகக் கிடைப்பது ஏறக்குறைய 80. இப்போது எக்ஸ்டெண்டர் உள்ளே வருகிறது. ஒரே அலைவரிசையில் மட்டும் பேசும் ஒற்றைப் பேண்ட் பெட்டிக்கு வாயும் காதும் ஒன்றுதான். ரூட்டரிடம் கேட்கும்போது போனிடம் பேச முடியாது, போனிடம் பேசும்போது கேட்க முடியாது. ஒவ்வொரு தகவலும் அதே அலைவரிசையில் இரண்டு முறை பயணம் செய்வதால் 80 என்பது 40 ஆகிறது. நடுவில் ஒரு சுவர் இருந்தால் 35. உங்கள் பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

இதற்குத் தீர்வு இரட்டைப் பேண்ட் எக்ஸ்டெண்டர். ரூட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸிலும், போன்களோடு 2.4இலும் பேசும்படி அதன் செட்டிங்கில் அமைத்தால் பாதியாகும் தொல்லை இல்லை. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. அதனால் எக்ஸ்டெண்டரை ரூட்டருக்கு இன்னும் ஓர் அறை கிட்டே வைக்க வேண்டி வரலாம். வாங்கும்போது 1200 என்று போட்டிருந்தால் அது 300ஐயும் 867ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு போனுக்கு அந்த 1200 ஒருபோதும் வராது.

இன்னொன்று: விலை குறைந்த பெட்டிகளில் லேன் போர்ட் (கேபிள் செருகும் துளை) 10/100 வகையாக இருக்கும். அதில் செருகும் டிவிக்கோ கம்ப்யூட்டருக்கோ 95க்கு மேல் வராது. உங்கள் 100 திட்டத்துக்கு அது போதும். 200க்கு மேல் திட்டம் வைத்திருப்பவர்கள் கிகாபிட் போர்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: டபிள்யூ.பி.எஸ். பட்டனை அழுத்தினால் போதும், தானாக இணைந்துவிடும் என்றார்கள். பத்து முறை அழுத்தியும் இணையவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முறை இதுதான்: எக்ஸ்டெண்டரை ரூட்டர் இருக்கும் அறையிலேயே செருகி, விளக்கு நிலையாக எரியும்வரை பொறுங்கள். ரூட்டரில் பட்டனை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் எக்ஸ்டெண்டரில் அழுத்துங்கள். இணைந்த பிறகு கழற்றி, அளந்து வைத்த இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

இதைச் செய்தும் இணையவில்லை என்றால் பெரும்பாலும் ரூட்டரில் அந்த வசதியே அணைக்கப்பட்டிருக்கும். பட்டனை மறந்துவிட்டுக் கையால் இணையுங்கள். எக்ஸ்டெண்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் வைஃபை பெயரும், உள்ளே நுழைய வேண்டிய முகவரியும் இருக்கும். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அந்த வைஃபையில் சேர்ந்து, பிரவுசரில் அந்த முகவரியைப் போடுங்கள். பட்டியலில் உங்கள் ரூட்டரைத் தேர்ந்தெடுத்து வைஃபை பாஸ்வேர்டைக் கொடுங்கள். டேட்டாவை அணைக்காவிட்டால் போன், 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று தானே விலகிப்போய்விடும். பலரும் தடுக்கி விழும் இடம் இது.

பட்டியலில் வீட்டு வைஃபை பெயரே வரவில்லையா? பெயர் மறைத்து வைக்கப்பட்டிருக்கலாம். 2.4 தெரிந்து 5 மட்டும் தெரியவில்லை என்றால் சானலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் ரூட்டர் பேசும் எண்ணிட்ட பாதையை, பாருங்கள். இந்தியாவில் 2018இல் 5 கிகாஹெர்ட்ஸில் கூடுதல் அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். அவற்றில் 52 முதல் 144 வரையிலான சானல்கள் ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. சில எக்ஸ்டெண்டர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. ரூட்டரில் சானலை 36 முதல் 48க்குள் அல்லது 149க்கு மேல் ஒன்றாக நிலைநிறுத்துங்கள். பெயர் தெரிந்து, பாஸ்வேர்டும் சரியாக இருந்து இணைய மறுத்தால், ரூட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எக்ஸ்டெண்டர்களுக்கு அது புரியாது. 2உம் 3உம் கலந்த முறைக்கு மாற்றினால் போதும். பாஸ்வேர்டை எடுத்துவிட்டுத் திறந்த வைஃபையாக மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: கீழ்த்தளத்தில் ரூட்டர், மாடியில் இரண்டு படுக்கையறை. மாடிக்கு எந்த எக்ஸ்டெண்டர் வாங்கலாம்? பழைய ரூட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: எக்ஸ்டெண்டரே வாங்காதீர்கள். பரணில் இருக்கும் ரூட்டரை இறக்குங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வைஃபைக்குக் கடினமான தடை, குறிப்பாக 5 கிகாஹெர்ட்ஸுக்கு. படிக்கட்டுத் திறப்பு வழியாகக் கசிந்து வருவதை எக்ஸ்டெண்டரில் பிடித்து ஓட்டலாம், ஆனால் அது சமாளிப்புதான். ஒரே ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்துவிட்டால் கீழே கிடைக்கும் வேகம் அப்படியே மேலேயும் கிடைக்கும்.

கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் வாங்குங்கள். 100 மீட்டர் வரை போகும், வீட்டுக்கு 20, 25 மீட்டர் போதும். சுத்தச் செம்பு என்று கேட்டு வாங்குவது முக்கியம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிள், முனை போடும் இடத்தில் முறிந்துவிடும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்கக் கூடாது. வெளிச்சுவரில் இறக்குவதானால் வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிளாக இருக்கட்டும்.

இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு பக்கமும் கிகாபிட் போர்ட் இருந்தும், 100க்கு மேற்பட்ட திட்டம் இருந்தும் வேகம் 94, 95இல் முட்டி நின்றால், எட்டு இழைகளில் ஏதோ ஒன்று முனையில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். திட்டத்தைக் குறை சொல்வதற்கு முன் முனையை வெட்டி மறுபடி போடுங்கள்.

அடுத்து பழைய ரூட்டர். பின்புற ஓட்டையில் ஊசியால் பத்து விநாடி அழுத்தி ரீசெட் செய்யுங்கள். அதில் கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, கையேடு சொல்லும் போர்ட்டில் கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. இல்லையென்றால் மூன்று மாற்றம். கீழ் ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். கீழ் ரூட்டர் மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வரிசையை 20க்கு மேல் தொடங்கச் செய்யுங்கள், இல்லாவிட்டால் இந்த 2 வேறொரு போனுக்கும் போய்விடும். பிறகு பழைய ரூட்டரில் இப்படி முகவரி கொடுக்கும் வசதியான டி.எச்.சி.பி.யை அணையுங்கள். கேபிளை இரு பக்கமும் லேன் போர்ட்டிலேயே செருகுங்கள், வெளியிலிருந்து இணையம் வரும் வேன் போர்ட் காலியாக இருக்கட்டும்.

டி.எச்.சி.பி.யை அணைக்க மறந்தால் வீட்டில் முகவரி கொடுப்பவர் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். காலையில் ஓடிய போன் மாலையில் 'இணைந்திருக்கிறது, இணையம் இல்லை' என்று நிற்கும், பக்கத்தில் இருக்கும் போன் நன்றாக ஓடும். இந்த அறிகுறி தெரிந்தால் வேறெங்கும் தேடாதீர்கள்.

2.4இல் கீழே சானல் 1, மேலே 6 அல்லது 11 வையுங்கள். இந்த மூன்று மட்டுமே ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை.

கேள்வி: எக்ஸ்டெண்டருக்கும் ரூட்டருக்கும் ஒரே பெயர் வைப்பதா, வேறு வேறு பெயரா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொதுவாக ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. போன் தானாக மாறிக்கொள்ளும். ஆனால் மாறும் முடிவை எடுப்பது போன்தான், எக்ஸ்டெண்டர் அல்ல. சில போன்கள் பழைய சிக்னலை, அது நைந்துபோன பிறகும் விடாது. அப்படிப்பட்ட போனில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் கிட்டே இருப்பதைப் பிடிக்கும். டிவி, சிசிடிவி கேமரா போல இடம் மாறாத கருவிகள் தவறான பக்கம் போய் ஒட்டிக்கொண்டால் மட்டும் எக்ஸ்டெண்டருக்கு வேறு பெயர் வைத்து அவற்றை அதில் கட்டிப்போடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் எக்ஸ்டெண்டரில் இணையம் வர நேரமாகிறது. சில நாள் வருவதே இல்லை.
– வாசகர், விழுப்புரம்

பதில்: எக்ஸ்டெண்டர் ஒரு நிமிடத்தில் விழித்துக்கொள்ளும். ஃபைபர் ரூட்டர் முழுதாக எழுந்து இணையத்தைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். தேடிப் பார்த்துக் கிடைக்காமல் எக்ஸ்டெண்டர் வேறு சானலில் நின்றுவிடுவதும் உண்டு. ரூட்டரில் சானல் 'ஆட்டோ' என்று இருந்தால், ஒவ்வொரு முறை எழும்போதும் அது இடம் மாறி உட்காரும். அதை 1, 6, 11இல் ஒன்றாக நிலைநிறுத்துங்கள். இரண்டு பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள ப்ளக்கில் இருக்க வேண்டும். ரூட்டருக்கு மட்டும் மினி யு.பி.எஸ். வாங்குவதானால் அடாப்டரில் உள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கும் ரூட்டருக்கு 1 ஆம்பியர் யு.பி.எஸ். போட்டால், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது ரூட்டர் அணைந்து அணைந்து எழும்.

கேள்வி: எதுவுமே வாங்காமல் ரூட்டரையே வீட்டு நடுவுக்கு நகர்த்த முடியாதா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: முடியும். முதலில் செய்ய வேண்டியதே அதுதான். கேபிள்காரர் வேலை சுலபமாக முடிய ஜன்னல் ஓரமாக ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார், அதில் பாதி சிக்னல் தெருவுக்குப் போகும். சுவரில் வந்து நிற்கும் ஃபைபர் முனையிலிருந்து ரூட்டர் வரை நீளமான பேட்ச் கார்டு (இரு பக்கமும் முனை போட்ட ஃபைபர் கேபிள்) போட்டுத் தரச் சொல்லுங்கள். 10, 15 மீட்டர் நீளத்திலும் கிடைக்கிறது. ரூட்டரில் உள்ள முனை பச்சை நிறம் என்றால் கார்டும் பச்சைதான். நீல முனையும் பச்சை முனையும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் உள்ளே கண்ணாடி இழையின் முகம் வெட்டப்பட்ட கோணம் வேறு என்பதால் ஒளி வீணாகும், இணைப்பு விட்டுவிட்டு வரும். கதவு மூலையில் திருப்பும்போது ஒயரைப்போல மடித்து ஆணி அடிக்காதீர்கள். டீ கிளாஸ் விளிம்பு அளவுக்காவது வளைவு விட்டுத் திருப்புங்கள். முனையின் மூடியைக் கழற்றிய பிறகு நுனியை விரலால் தொடவும் கூடாது.