பங்காளிக்கு வழி விடச் சொல்லலாமா?

வணக்கம் ஐயா.

மலேசியாவில், பந்திங்கில் சின்ன மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பந்தய அணியில் இரண்டு 150 சிசி கப்சாய் பைக், இரண்டு பையன்கள். பெரியவன் புள்ளிப் பட்டியலில் 2ஆம் இடம். சின்னவனுக்கு இதுதான் முதல் வருடம். போன பந்தயத்தில் சின்னவன் 2ஆவதாகவும், அவனை ஒட்டிப் பெரியவன் 3ஆவதாகவும் ஓடினார்கள். கடைசிச் சுற்று தொடங்கும்போது, தடத்தின் ஓரத்திலிருந்து ஓட்டுபவருக்குக் காட்டும் பிட் போர்டில் 'விடு' என்று எழுதிக் காட்டினேன். சின்னவன் கடைசி வளைவில் பிரேக் பிடித்து ஒதுங்கினான். பெரியவனும் தடுமாறிப் பிரேக் போட, வேறு அணிப் பையன் இருவரையும் தாண்டிவிட்டான். பெரியவன் 3, சின்னவன் 4. எங்களுக்குப் புள்ளிக் கணக்கு 25, 20, 16, 13.

சின்னவனின் அப்பா, "என் மகன் ஓட்ட வந்தானா, ஒதுங்க வந்தானா?" என்று கேட்டார். அதன்பிறகு பட்டறைப் பக்கமே வரவில்லை. மாமாக் கடையில் உட்கார்ந்தால், 2025 மோன்சா எஃப்1 கார் பந்தயத்தில் மெக்லாரன் அணி செய்ததையும் நான் செய்ததையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறார்கள். இரண்டும் ஒன்றா? அணி ஆணை என்பதே அநியாயமா?

கு., பந்திங்

*

அன்புள்ள கு.,

முதலில் உங்கள் கணக்கு. திட்டம் பலித்திருந்தால் பெரியவனுக்கு 16க்குப் பதில் 20, அதாவது 4 புள்ளி லாபம். நடந்தது என்ன? பெரியவனுக்கு அதே 16. சின்னவனுக்கு 20 போய் 13. பட்டறைக்கு மொத்தத்தில் 7 புள்ளி நஷ்டம், அந்த ஏழும் சின்னவன் தலையில். அவன் அப்பா கோபப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆணை என்பதே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செப்பாங்கில் நடந்த மூன்று பந்தயங்களை எடுத்துக்கொண்டாலே போதும்.

1999 அக்டோபர். செப்பாங்கின் முதல் எஃப்1 பந்தயம். சில்வர்ஸ்டோனில் கால் முறிந்து ஆறு பந்தயங்களைத் தவறவிட்ட மைக்கேல் ஷூமாக்கர் திரும்பி வந்தார். பட்டத்துக்கான வாய்ப்பு அவருக்கு இல்லை, அணித்தோழர் எடி இர்வைனுக்கு இருந்தது. ஷூமாக்கர் முன்னால் போய், இர்வைனுக்கு வழி விட்டு, பின்னால் வந்த பட்டப் போட்டியாளர் ஹாக்கினனைத் தடுத்துக்கொண்டே ஓட்டினார். இர்வைன் 1, ஷூமாக்கர் 2, ஹாக்கினன் 3. ஊரறிய நடந்த ஏற்பாடு அது. ஷூமாக்கரிடமிருந்து எதுவும் பறிக்கப்பட்டதாக யாரும் நினைக்கவில்லை.

2013 மார்ச் கதை வேறு. ரெட் புல் அணியில் வெட்டலின் கார் எண் 1, வெப்பரின் கார் எண் 2. 'மல்ட்டி 21' என்ற சங்கேதத்துக்கு, 2ஆம் எண் கார் முன்னால், 1ஆம் எண் கார் பின்னால், அப்படியே முடியுங்கள் என்று பொருள். டயர் மாற்ற நிற்கும் கடைசி பிட் ஸ்டாப் முடிந்ததும் அந்த ஆணை போனது. வெப்பர் இன்ஜினின் வேகத்தைக் குறைத்து, டயரைக் காப்பாற்றிக்கொண்டு ஓட்டினார். வெட்டல் குறைக்கவில்லை. 56 சுற்றுப் பந்தயத்தின் 46ஆவது சுற்றில் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார். மேடைக்குப் போகும் முன் அறையில் வெப்பர் வெட்டலிடம் சொன்னதெல்லாம், "மல்ட்டி 21, செப்".

பலர் இதை 'வேகமானவன் ஜெயித்தான்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. ஒருவன் அணியின் பேச்சை நம்பிக் கத்தியைக் கீழே வைத்த பிறகு மற்றவன் வெட்டினான். ஆணையே இல்லாமல் இருவரும் முழு வேகத்தில் மோதி வெட்டல் ஜெயித்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். அதே பந்தயத்தில் மெர்சிடிஸ் அணியின் ராஸ்பெர்க், அணித்தோழர் ஹாமில்டனைத் தாண்டாதே என்று அணித் தலைவர் ராஸ் பிரான் ரேடியோவில் சொன்னதைக் கேட்டு 4ஆவதாகவே முடித்தார். அந்த இடத்தில் நிற்கவேண்டியவர் ராஸ்பெர்க்தான் என்று 3ஆவதாக வந்த ஹாமில்டனே மேடையில் சொன்னார்.

2017 அக்டோபர், மோட்டோஜிபி பைக் பந்தயம். உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது இதுதான், ஏனென்றால் ரேடியோ கிடையாது. டுகாட்டி அணியின் லோரென்சோ முன்னால். பட்டப் போட்டியில் இருந்த டோவிசியோசோ பின்னால். லோரென்சோவின் டேஷ்போர்டில், 'மேப்பிங் 8' என்ற இன்ஜின் அமைப்பைப் போடலாமே என்று யோசனை சொல்வதுபோல ஒரு செய்தி வந்தது. ஈரத் தடத்தில் கடைசி வளைவில் லோரென்சோவின் முன்சக்கரம் வழுக்கி அகலப் போனார், டோவிசியோசோ ஜெயித்தார். செய்தியைக் கவனிக்கவே இல்லை என்றார் லோரென்சோ. உண்மையோ பொய்யோ, சங்கேதத்தில் பேசினால் இந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். எஃப்1 இதைப் பட்டுத்தான் கற்றது. 2002 ஆஸ்திரியாவில் ஃபெராரி அணி, முன்னால் ஓடிய பாரிக்கெல்லோவை முடிவுக் கோட்டருகே ஷூமாக்கருக்கு வழி விடச் சொன்னது. அது அந்த வருடத்தின் 6ஆவது பந்தயம். முதல் ஐந்தில் நான்கை ஷூமாக்கர் ஏற்கெனவே ஜெயித்திருந்தார். தேவையே இல்லாத ஆணை. 2003இல் அணி ஆணைக்குத் தடை வந்தது. தடை வந்ததும் ஆணை நிற்கவில்லை, ஒளிந்துகொண்டது. 2010 ஹாக்கன்ஹெய்மில் ஃபெராரியின் மாசாவிடம், அணித்தோழர் அலோன்சோவைக் குறித்து, "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா?" என்றார் அவர் இன்ஜினியர். ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். 2011இல் தடையையே எடுத்துவிட்டார்கள்.

இனி மோன்சா. அணித்தோழர்கள் இருவர் இடம் மாறினால் அணியின் மொத்தப் புள்ளி மாறாது. 2ஆம் இடத்தின் 18ம் 3ஆம் இடத்தின் 15ம் எப்படி மாற்றினாலும் 33தான். ஆகவே அணி இதில் கைவைப்பது எப்போதும் ஆளுக்காகத்தான்.

பிட் ஸ்டாப் விஷயத்தில் வழக்கம் என்னவென்றால், முன்னால் ஓடுபவருக்கே முதல் உரிமை. புது டயர் முதல் சுற்றிலேயே வினாடிக் கணக்கில் வேகம் தரும் என்பதால், பின்னால் இருப்பவர் முந்திப் போய் மாற்றினால் முன்னால் இருப்பவரைத் தாண்டிவிடலாம். 2024 ஹங்கேரியில் 2ஆவதாக இருந்த நாரிஸை 45ஆவது சுற்றிலும், முன்னால் இருந்த அணித்தோழர் பியாஸ்ட்ரியை 47ஆவது சுற்றிலும் மெக்லாரன் டயர் மாற்ற அழைத்தது. அதனால் நாரிஸ் முன்னால் வந்தார். 68ஆவது சுற்றில் திருப்பிக் கொடுத்தார். அணி எடுத்ததை அணி திருப்பிக் கொடுக்கச் சொன்னது, அதில் எனக்கு மறுப்பில்லை.

மோன்சாவில் 2ஆவதாக இருந்த நாரிஸ், தன் முதல் உரிமையைப் பியாஸ்ட்ரிக்கு விட்டுக்கொடுத்தார். அதனால் தன் இடம் போகாது என்ற பேச்சின் பேரில். பிறகு நாரிஸின் சக்கரம் மாட்டத் தாமதமாகி, 5.9 வினாடி நின்றார். பியாஸ்ட்ரி முன்னால் வந்துவிட்டார். திருப்பிக் கொடு என்றார்கள், கொடுத்தார். இதில் நான் பியாஸ்ட்ரி பக்கம். இடம் போனது வரிசை மாறியதால் இல்லை, சக்கரத்தால். வழக்கப்படி நாரிஸ் முதலில் போய் அதே சக்கரம் சிக்கியிருந்தால் யாராவது திருப்பிக் கேட்டிருப்பார்களா? அந்த மாற்றத்தின் மதிப்பு 3 புள்ளி. வருடக் கடைசியில் நாரிஸ் 423 புள்ளியோடு பட்டம் வென்றார், 2ஆவதாக வந்த வெர்ஸ்டாப்பன் 421. மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் நாரிஸுக்கு 420 தான். உங்கள் மாமாக் கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள், இன்னும் இரண்டு தே தாரிக் ஓடும்.

உங்கள் சின்னவனிடமிருந்து பட்டறை திருப்பிக் கேட்க எதுவும் இல்லை. அந்த 2ஆம் இடம் அவன் சம்பாதித்தது. பெரியவனின் பட்டத்துக்காக அதைக் கேட்கலாம், 1999இல் கேட்டதுபோல. ஆனால் வருடத் தொடக்கத்திலேயே, அவன் அப்பாவையும் உட்கார வைத்துக் கேட்டிருக்கவேண்டும். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எப்போதிலிருந்து வழி விடவேண்டும் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். இன்னும் இரண்டு பந்தயம் மட்டும் மிச்சம், சின்னவனுக்குப் பட்டம் கணக்கில் எட்டாது, பெரியவனுக்கு எட்டும் என்றால் மட்டும். அதற்கு முன்னால் இருவரும் சமம்.

சமம் என்றால் பட்டறைக்குள்ளும் சமம். புது டயர் ஒரு ஜோடிதான் வந்ததா, சீட்டுப் போடுங்கள். பிஸ்டன், கிளட்ச் பிளேட் இருவருக்கும் ஒரே நாளில் மாற்றுங்கள். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் மட்டும் வித்தியாசம் வைக்கலாம். நேர்ப்பாதையில் ஒருவன் காற்றைக் கிழிக்க, மற்றவன் அவன் நிழலில் ஒட்டி வருவதாகத் திட்டமிட்டால், ஒட்டி வருபவனின் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைவாகப் போடுங்கள். இல்லாவிட்டால் காற்றுத் தடை குறைந்ததும் இன்ஜின் பாதி நேர்ப்பாதையிலேயே உச்சச் சுழற்சியைத் தொட்டு முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் அந்தப் பல் யாருக்கு என்பதை மாற்றுங்கள். எப்போதும் பெரியவனே நிழலில் வந்தால், போர்டில் எழுதாமலே ஆணை போட்டதாகிவிடும்.

மாற்றும் விதத்திலும் உங்கள் பட்டறை பிழை செய்தது. கடைசிச் சுற்றில் கேட்கக்கூடாது. முடிய ஐந்து சுற்று இருக்கும்போது போர்டைக் காட்டி, அடுத்த சுற்றிலும் காட்டுங்கள். ஒரு தடவை பார்க்கத் தவறலாம், இரண்டு தடவை தவறுவது அபூர்வம். வளைவில் வழி விடக்கூடாது. பிரேக் கூடவே கூடாது. நேர்ப்பாதையின் நடுவில், எல்லோரும் ஓட்டும் வழக்கமான பாதையிலிருந்து விலகி, முன்பே பேசிய பக்கத்துக்கு ஒதுங்கி, த்ராட்டிலை மட்டும் தளர்த்தினால் போதும். எந்தப் பக்கம் என்று பெரியவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அது தெரியாததால்தான் அவன் பிரேக்கைத் தொட்டான்.

மூன்றாமவன் எவ்வளவு தள்ளி வருகிறான் என்று ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி என்பது 33 மீட்டர். வழி விடும்போது அதில் பாதி கரைந்துவிடும். ஒரு வினாடிக்குள் ஆள் இருந்தால் போர்டை எடுக்கவே வேண்டாம், 2ம் 3ம் அப்படியே வரட்டும்.

பணமும் அந்தத் தாளில் இருக்கட்டும். வழி விட்டவனுக்கு, விடாதிருந்தால் வந்திருக்கும் பரிசு. இந்தத் தடவை 2ஆம் இடத்துக்கும் 4ஆம் இடத்துக்கும் எத்தனை வெள்ளி வித்தியாசமோ அதை எடுத்துக்கொண்டு சின்னவனின் அப்பா வீட்டுக்குப் போங்கள். பட்டறைக்குக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள். பெரியவனையும் அழைத்துப் போங்கள். அவர் கேட்கும் முன்பே அந்த ஏழு புள்ளியை நீங்களே சொல்லிவிடுங்கள்.