மிதித்தாரா, தாண்டினாரா?

பேஸ்பால் விதிகளைக் கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எந்த விதிப்புத்தகத்தின்படி நடந்த ஆட்டம் என்றே குறிப்பிடவில்லை. அமெரிக்கப் பள்ளி ஆட்டத்தின் அப்பீல் (நடுவரிடம் அவுட் கேட்பது) முறை வேறு, அங்கே தொழில்முறை ஆட்டமான மேஜர் லீகின் முறை வேறு. சொல்லாதவர்களுக்கெல்லாம் மேஜர் லீக் விதிப்படியே பதில் எழுதியிருக்கிறேன். பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

கே: ஓட்டக்காரர் இரண்டாம் பேஸை (ஓடும் வழியில் மிதிக்க வேண்டிய இடம்) மிதிக்காமலே மூன்றாவதற்குப் போய்விட்டார். நடுவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் அவுட் கொடுக்கவில்லை?

ப: யாரும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதிதா? எட்ஜ் பட்டது நடுவர் காதில் விழுந்தாலும், பந்துவீசும் அணி கேட்காவிட்டால் விரல் உயராது. அங்கே அடுத்த பந்துக்குப் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்வரை அவகாசம். இங்கே அடுத்த பிட்ச் (மட்டையாளருக்கு எறியும் பந்து) வரை, அல்லது வேறு ஓட்டக்காரரை அவுட்டாக்க முயலும்வரை. அடுத்த பிட்ச் போய்விட்டால் கதை முடிந்தது.

கே: அப்பீலுக்காக எங்கள் பிட்சர் பேஸுக்குப் பந்தை எறிந்தார். நடுவர் கண்டுகொள்ளவே இல்லை.

ப: நீங்கள் 'டைம்' கேட்டதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டைம் கேட்டால் பந்து செத்துவிடும், அதாவது ஆட்டம் நின்றுவிடும். பிட்சர் பந்தோடு ரப்பரில் (அவர் பந்தெறியும் இடத்திலுள்ள பலகை) நிற்க வேண்டும், நடுவர் 'பிளே' சொல்ல வேண்டும், அதன்பின் ரப்பரிலிருந்து காலை எடுத்துவிட்டு எறிய வேண்டும். நிதானமாக எறியுங்கள். பந்து மைதானத்தைத் தாண்டிப் போனால், அதே பேஸில் அதே ஆளின் மீது மறுபடி அப்பீல் கிடையாது. பள்ளி ஆட்டமென்றால் இத்தனை சடங்கு வேண்டாம். பந்து செத்திருக்கும்போதே பயிற்சியாளர் வாயால் சொன்னால் போதும். இதற்காகத்தான் எந்த விதிப்புத்தகம் என்று கேட்கிறேன்.

கே: ஓட்டம் முடியும் ஹோம் பிளேட்டில் சறுக்கி வந்தவரின் கை ஒரு சாண் தள்ளிப் போயிற்று. கேட்சரும் டேக் செய்யவில்லை (பந்தால் அவரைத் தொடவில்லை). நடுவர் மரம்போல நின்றார். தூக்கமா?

ப: அந்த இடத்தில் விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான். சேஃப் என்று கையை விரித்தாலும் தவறு, அவுட் என்று முஷ்டியை மடக்கினாலும் தவறு. எதையும் காட்டாமல் நிற்பதுதான் முறை. ஓட்டக்காரர் பிளேட்டை நோக்கித் திரும்பத் தவழ்ந்தால் அவர்மீதே டேக் செய்ய வேண்டும். தூசியைத் தட்டிக்கொண்டு டக்அவுட்டுக்கு நடந்துவிட்டாரென்றால், பந்தோடு பிளேட்டை மிதித்து நடுவரிடம் சொன்னால் போதும். அதுவும் அடுத்த பிட்சுக்கு முன்.

கே: 1908இல் ஜயன்ட்ஸ் அணியின் ஃப்ரெட் மெர்க்கல் பேஸை மிதிக்காமல் போனதற்கு அப்பீல் செய்துதானே அவுட்டாக்கினார்கள்?

ப: இல்லை, இல்லை, இல்லை. ஆண்டுக்குப் பத்துப் பேராவது இப்படி எழுதுகிறார்கள். மெர்க்கல் இரண்டாம் பேஸைத் தாண்டிப் போகவில்லை. அங்கே போகவே இல்லை. செப்டம்பர் 23, போலோ கிரவுண்ட்ஸ். நியூயார்க் ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் 1-1. ஒன்பதாவது இன்னிங்ஸின் இறுதி, இரண்டு அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆட்கள். ஜயன்ட்ஸின் பிரிட்வெல் சிங்கிள் அடித்தார், மூன்றாம் பேஸில் நின்றவர் ஓடி வந்து ரன் சேர்த்தார், கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. முதல் பேஸிலிருந்த மெர்க்கல் பாதி வழியில் திரும்பி கிளப் அறையை நோக்கி ஓடிவிட்டார். கப்ஸின் எவர்ஸ் ஒரு பந்தோடு இரண்டாம் பேஸை மிதித்தார். அது ஆட்டத்தில் இருந்த அதே பந்துதானா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. நடுவர் ஹாங்க் ஓ'டே கொடுத்தது சாதாரண ஃபோர்ஸ் அவுட்: பின்னால் வருபவருக்கு இடம் விட்டு அடுத்த பேஸுக்குப் போயே ஆக வேண்டியவர், போகுமுன் பந்து அங்கே வந்துவிட்டால் அவுட். மூன்றாவது அவுட் ஃபோர்ஸ் ஆனதால் ரன் செல்லவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில். அதே மாதம் 4ஆம் தேதி பிட்ஸ்பர்கில் இதே எவர்ஸ், இதே போன்ற நிலையில், இதே ஓ'டேயிடம் முறையிட்டார். தான் பார்க்கவில்லை என்று அன்று மறுத்தவர் ஓ'டே. ஆட்டம் முடிந்ததும் ஓடிவிடுவது அன்று பலருக்கும் வழக்கம். பழி மட்டும் பத்தொன்பது வயதுப் பையன்மேல். டிராவான ஆட்டத்தை அக்டோபர் 8 அன்று மறுபடி ஆடினார்கள். கப்ஸ் 4-2 என்று வென்று, ஒரே ஆட்ட வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தது. முட்டாள் என்ற பட்டம் மெர்க்கலை ஆயுள் முழுக்க விடவில்லை.

மிதிக்காமல் போனதற்கு உதாரணம் வேண்டுமென்றால் 1962இல் மெட்ஸ் அணியில் ஆடிய மார்வ் த்ரோன்பெரியைச் சொல்லுங்கள். அதே மைதானம், எதிரணியும் அதே கப்ஸ். மூன்று பேஸ் ஓடி நின்றவர், முதல் பேஸை மிதிக்காததால் அப்பீலில் அவுட். வாதாடப் போன மேலாளரிடம், இரண்டாவதையும் மிதிக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியதாகக் கதை.

கே: பேஸ்கள் நிறைந்திருக்க, இரண்டு அவுட்டில் ஹோம் ரன். முதல் பேஸிலிருந்து கிளம்பியவர் ஒரு பேஸை மிதிக்கவில்லை. எத்தனை ரன்?

ப: எந்த பேஸ்? அதைத்தான் முதலில் எழுத வேண்டும். அப்பீல் வந்தால், இரண்டாவது பேஸ் எனில் அது ஃபோர்ஸ், பூஜ்யம். மூன்றாவது எனில் அவருக்கு முன்னே ஓடிய இருவரின் ரன் மட்டும் செல்லும்.

கே: வீடியோ பார்க்கலாமே?

ப: மேஜர் லீகில் 2014 முதல் பார்க்கலாம். முதலில் அப்பீல் செய்திருக்க வேண்டும்.

கே: படம் இணைத்திருக்கிறேன். என் மகன் பேஸை மிதித்தானா?

ப: படத்தில் பையன் இடுப்புக்கு மேல்தான் இருக்கிறான். கால் தெரிகிற படத்தை அனுப்புங்கள்.