கம்பத்துக்குப் பின்னால் ஒன்பது இன்னிங்ஸ்

பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி ஏமாந்த ஒருவரின் கடிதத்தைச் சென்ற மாதம் வெளியிட்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த அணியின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுக் கடிதம் சேர்ந்துவிட்டது. ஆகவே வாஷிங் மெஷின் பழுது என்று இந்த நுகர்வோர் பகுதிக்குப் புகார் எழுதியவர்கள் இந்த முறை பொறுத்துக்கொள்ள வேண்டும். கடிதங்களைச் சுருக்கி, ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

கேள்வி: மறுவிற்பனைத் தளம் ஒன்றில் தலா 68 டாலருக்கு நான்கு டிக்கெட் வாங்கினேன். போய் உட்கார்ந்தால் எனக்கும் மகளுக்கும் எதிரே இரும்புத் தூண். பந்து எறிபவர் தெரிகிறார், அடிப்பவர் தெரியவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (ஃபிரேமிங்ஹாம்)

பதில்: கேட்கலாம். அணியிடம் அல்ல, உங்களுக்கு விற்ற தளத்திடம்.

ஃபென்வே 1912 ஏப்ரல் 20 அன்று திறக்கப்பட்டது. அமெரிக்க பேஸ்பாலின் முதன்மைப் போட்டித் தொடரான மேஜர் லீக்கின் மைதானங்களில் இதுதான் மூத்தது. கூரையைத் தாங்கத் தூண் நட்டே ஆக வேண்டியிருந்த காலம் அது. அந்தத் தூண்கள் இன்றும் கிராண்ட்ஸ்டாண்ட் எனப்படும் கூரையிட்ட பகுதியின் இருக்கைகளுக்கு நடுவே நிற்கின்றன. அணி நேரடியாக விற்கும்போது, பார்வை மறைக்கும் இருக்கை என்று குறிப்பிட்டே விற்கிறது. டிக்கெட் இரண்டாவது கைக்குப் போனதும் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது.

விளம்பரப் பக்கத்தின் படம், ரசீது, இருக்கையிலிருந்து எடுத்த புகைப்படம் மூன்றையும் சேர்த்துத் தளத்துக்கு எழுதுங்கள். மசியாவிட்டால் கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் முறையிடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 93ஏ-யின்படி கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். தெரிந்தே ஏமாற்றினார்கள் என்று நீதிமன்றம் கண்டால் இழப்பைப் போல இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ கொடுக்கச் சொல்லலாம். 7,000 டாலர் வரையிலான வழக்குகளுக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை.

எனக்கும் இது நடந்தது. 2003 மே முதல் 2013 ஏப்ரல் வரை ஃபென்வேயில் ஒவ்வொரு ஆட்டமும் விற்றுத் தீர்ந்ததாக அணி கணக்குச் சொன்ன காலம். கிடைத்ததே பெரிது என்று யாரோ ஒருவரிடமிருந்து இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஒன்பது இன்னிங்ஸும் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்தால் நானும் எழுந்தேன், அவர் தலையில் கை வைத்தால் நானும் வைத்தேன். அந்த ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்பதை வீட்டுக்கு வந்து டி.வி.யில்தான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: வலது மைதானப் பக்கம் கிராண்ட்ஸ்டாண்ட் 5-ஆம் பிரிவில் மலிவாகக் கிடைக்கிறது. தூண் மறைக்காத இருக்கைதான். வாங்கலாமா? (ஷ்ரூஸ்பரி)

பதில்: அந்தப் பக்கத்து இருக்கைகள், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டைப் பார்த்துப் போடப்பட்டவை அல்ல, மைதானத்தின் நடுப்பகுதியைப் பார்த்திருப்பவை. கழுத்தைத் திருப்பியே வைத்திருக்க முடியுமென்றால் வாங்குங்கள்.

கேள்வி: 32 டாலர் என்று காட்டிய டிக்கெட், பணம் கட்டும் பக்கத்தில் 47 டாலர் ஆனது. 'சேவைக் கட்டணம்' என்கிறார்கள். என்ன சேவை செய்தார்கள்? இரண்டு வருடமாக இந்த ரசீதை வைத்துக்கொண்டு வயிறு எரிகிறேன். (நாஷுவா)

பதில்: என் வயிறு பதினைந்து வருடமாக எரிகிறது, வாருங்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மவர்கள் சொன்னபோது சுமக்க ஓர் ஆளாவது இருந்தான். இங்கே சுமப்பவர் யாரும் இல்லை. காகித டிக்கெட் கிடையாது, தபால் கிடையாது, கவுண்டரில் ஆள் கிடையாது. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு ஒரு குறியீடு போகிறது. அதற்கு 15 டாலர்.

மாசசூசெட்ஸில் டிக்கெட் மறுவிற்பனைக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. டிக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு டாலருக்கு அதிகமாக விற்கக் கூடாது என்கிறது. அடடா என்று மகிழ்வதற்குள் அடுத்த வரி வருகிறது: சேவைச் செலவுகளைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். எவை சேவைச் செலவுகள்? ஆள் அனுப்பும் கூலி, தபால், தொலைதூரத் தொலைபேசி அழைப்பு, கடன் கொடுக்கும் செலவு இப்படி. தொலைதூர அழைப்புக்குத் தனிக் கட்டணம் இருந்த காலத்துச் சட்டத்தின் ஓட்டை வழியாக யானையே போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 மே 12 முதல், நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு விலை காட்டும் எவரும் கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று மத்திய வணிக ஆணையம் விதி கொண்டுவந்தது. மறுவிற்பனைத் தளங்களுக்கும் இது பொருந்தும். மாசசூசெட்ஸ் மாநில அட்டர்னி ஜெனரலின் (அரசின் தலைமை வழக்கறிஞர்) இதேபோன்ற விதி அந்த ஆண்டு செப்டம்பர் 2-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் கட்டணத்தைக் குறைக்கவில்லை, ஒளித்துவைக்கக் கூடாது என்று மட்டும் சொல்கின்றன. உங்கள் ரசீது அதற்கு முந்தியது, ஒன்றும் செய்வதற்கில்லை. இன்று எந்தத் தளமாவது கடைசிப் பக்கத்தில் விலையை ஏற்றினால் திரையைப் படம் எடுத்து அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நான் இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன். என் மனைவி இதை என் பொழுதுபோக்கு என்கிறாள்.

கேள்வி: படிக்க வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. ஆட்டத்தன்று மைதானத்துக்கு அருகே கென்மோர் சதுக்கத்தில் ஒருவர் 80 டாலர் வாங்கிக்கொண்டு டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டை என் போனுக்கு அனுப்பினார். வாசலில், 'இது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது' என்றார்கள். என் முட்டாள்தனம்தான். (ஆல்ஸ்டன்)

பதில்: முட்டாள்தனம் என்று சொல்லாதீர்கள். ஊருக்குப் புதிதானவர்களைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வதுதான் அந்த ஆளின் தொழில். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்பான், முதலில் வாசலுக்கு வருபவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேர் உங்களைப் போல நிற்பார்கள்.

பணம் அனுப்பிய செயலியில் மோசடி என்று புகார் பதியுங்கள். காவல் துறையிலும் சொல்லுங்கள். பணம் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் அதே எண் மீது நான்கு புகார் சேர்ந்தால் அவனுக்கு நல்லதில்லை. இனி, டிக்கெட் அணியின் செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாறி, உங்கள் பெயரில் தெரிந்த பிறகே பணம். மாணவர்களுக்கென்று 9 டாலருக்கு நின்று பார்க்கும் டிக்கெட்டை அணியே விற்று வந்திருக்கிறது. கல்லூரி மின்னஞ்சலை வைத்து அதைத் தேடிப் பாருங்கள். அடுத்த ஆட்டம் நீங்கள் உள்ளே இருந்து பார்க்க வேண்டும், எனக்கு எழுதவும் வேண்டும்.

கேள்வி: ஏப்ரல் மூன்றாவது திங்கள் ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட். திங்கள் என்றால் இரவு ஏழு மணிக்குத்தானே? மாலை போனால் மைதானம் காலி. தேதியை மாற்றித் தருவார்களா? (பர்லிங்டன்)

பதில்: தர மாட்டார்கள். அன்று தேசபக்தர் தினம், மாநில விடுமுறை, பாஸ்டன் மாரத்தானும் அன்றுதான். அந்த ஆட்டம் காலை பதினொரு மணியை ஒட்டித் தொடங்குவது ஊரறிந்த வழக்கம். உங்கள் டிக்கெட்டிலும் நேரம் எழுதியிருந்திருக்கும். நான்கு டிக்கெட் வாங்கிய நால்வரில் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லையா?

கேள்வி: 215 டாலருக்கு வெள்ளை ஜெர்சி வாங்கினேன், முதுகில் வீரரின் பெயரோடு. ரெட் சாக்ஸ் வெள்ளைச் சட்டையில் பெயரே இருக்காது, இது போலி என்று அலுவலக நண்பர் சிரிக்கிறார். ரசீதை இணைத்திருக்கிறேன். (வூஸ்டர்)

பதில்: நண்பர் பாதி சரி. சொந்த மைதானத்தில் அணியும் வெள்ளைச் சட்டையில் வீரர்களுக்கு எண் மட்டும்தான், பெயர் வெளியூர் ஆட்டத்துச் சாம்பல் சட்டையில் வரும். ஆனால் ரசிகர்களுக்கு விற்கும் வெள்ளைச் சட்டையில் உரிமம் பெற்றவர்களே பெயர் போட்டும் விற்கிறார்கள். ஆகவே பெயரை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது ரசீதுதான். 13.44 டாலர் வரி போட்டிருக்கிறார்கள், முழு 215-க்கும் 6.25 சதவீதம். மாசசூசெட்ஸில் ஓர் ஆடைக்கு 175 டாலர் வரை விற்பனை வரி இல்லை. அதற்கு மேலுள்ள தொகைக்கு மட்டுமே வரி. உங்களுக்கு 40 டாலருக்குத்தான், அதாவது 2.50. மீதி 10.94 டாலரைக் கடையில் போய்க் கேளுங்கள். சட்டையைப் பார்த்துச் சிரித்த நண்பர் ரசீதைப் பார்க்கவில்லை பாருங்கள்.

கேள்வி: ஆட்டத்தில் பயன்படுத்திய பந்து, வீரரின் கையெழுத்துடன், சான்றிதழும் உண்டு, 150 டாலர். நம்பலாமா? (லோவல்)

பதில்: சான்றிதழை யார் கொடுத்தார்கள்? விற்பவரே என்றால் அது காகிதம். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. தங்க நிற முத்திரை, கண்ணாடிப் பெட்டி எல்லாம் உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, கையெழுத்தே அச்சு என்றார். இப்போது கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

1990-களில் போலிக் கையெழுத்து வியாபாரம் அமெரிக்கா முழுவதும் பெருகி, எஃப்.பி.ஐ. விசாரணை வரை போனது. அதன் பிறகு 2001-இல் லீக் தானே சான்றளிக்கும் முறையைத் தொடங்கியது. காவல் துறையில் இருப்பவர்களோ ஓய்வு பெற்றவர்களோ மைதானத்தில் நேரில் பார்த்து, எண் கொண்ட ஹாலோகிராம் ஒட்டுவார்கள். அந்த எண்ணை லீக் தளத்தில் போட்டால் எந்த ஆட்டத்தில் பயன்பட்ட பொருள் என்று வரும். எண் இல்லாத பந்து பந்துதான்.

கேள்வி: மழை பெய்தால் பணம் திரும்ப வருமா? (க்வின்சி)

பதில்: வராது. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டால் அதே டிக்கெட் மறு தேதிக்குச் செல்லும். உங்களுக்கு அன்று வேலை இருந்தால் அது மழையின் தவறு.

கேள்வி: ஜூனில் மகன் வீட்டுக்கு வருகிறோம், இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் தெரியாது. 'பச்சைச் சுவர் மேல் உட்காரலாம்' என்று மகன் பெரும் தொகை செலவழிக்கப் பார்க்கிறான். அவசியமா? (சென்னை)

பதில்: அம்மா, மகனைத் தடுங்கள். கிரீன் மான்ஸ்டர் என்னும் அந்தச் சுவர் 37 அடிக்குச் சற்று மேல் உயரம். இடது பக்கம் ஹோம் பிளேட்டிலிருந்து 310 அடியிலேயே நிற்பதால் பந்தை அந்தத் தூரம் அடிப்பது சுலபம், ஆனால் அத்தனை உயரம் குறுக்கே நிற்கிறது. 2003-இல் அதன் மேல் இருக்கை போட்டார்கள். இளைஞர்களுக்குச் சரி. உங்களுக்கு ஏறி இறங்கவே நேரம் போய்விடும்.

மூன்றாவது பேஸ் பக்கம் (அடிப்பவருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடது பக்கம்), கூரைக்குக் கீழே, தூண் மறைக்காத, நடைபாதை ஓரத்து இருக்கையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிற்பகல் ஆட்டம் என்றால் வெயில் எதிரே வலது பக்கத்துக்காரர்கள் முகத்தில் அடிக்கும், உங்கள் மீது விழாது. நாற்காலிகள் பழைய மர நாற்காலிகள், ஒடுக்கமானவை. ஒரு சிறு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். 2023 முதல் பந்து எறிய நேரக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சைவம் என்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். உள்ளே கிடைக்கும் வறுவலுக்குக் கொடுக்கும் காசில் சென்னையில் ஒரு குடும்பம் டிபன் சாப்பிடலாம்.

ஆட்டத்தைவிட மைதானம்தான் பார்க்க வேண்டுமென்றால் பகலில் சுற்றிக்காட்டும் பயணத்துக்கு டிக்கெட் உண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1934 முதல் கையாலேயே எண் மாற்றும் ஸ்கோர் பலகையை அப்போது நிதானமாகப் பார்க்கலாம்.

கேள்வி: காரை எங்கே நிறுத்துவது? (ஆண்டோவர்)

பதில்: வீட்டில். கிரீன் லைன் நகர ரயிலில் பி, சி, டி வண்டிகள் மைதானத்துக்கு அருகிலுள்ள கென்மோர் நிலையத்துக்குப் போகும். ஈ வண்டி போகாது, அது கோப்ளி நிலையத்துக்குப் பிறகு வேறு பக்கம் திரும்பிவிடும். வூஸ்டர் ரயில் பாதைக்காரர்களுக்கு லான்ஸ்டவுன் நிலையம் மைதானத்தின் அருகிலேயே இருக்கிறது.

கேள்வி: ப்ளீச்சர் என்னும் கூரையில்லாத இருக்கைப் பகுதியில் ஒரே ஒரு சிவப்பு நாற்காலி இருக்கிறதாமே. அதற்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? (லெக்சிங்டன்)

பதில்: 42-ஆம் பிரிவு, 37-ஆம் வரிசை, 21-ஆம் எண். 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்தது. அடிப்பவரிடமிருந்து அவ்வளவு தூரம் என்பதுதான் அந்த நாற்காலியின் பெருமை, நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவதும் அந்தத் தூரத்தைத்தான். கூரையும் கிடையாது. அதே வரிசையில் பக்கத்து இருக்கையை ப்ளீச்சர் விலைக்கு வாங்கிக்கொண்டு, சிவப்பு நாற்காலிக்காரர் எழுந்து போகும்போது புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் எடுத்தேன். அவரே எடுத்துக் கொடுத்தார்.