இயல்பாக இருங்கள்!

கேள்வி: ‘இயல்பூக்கம்’, ‘உள்ளுணர்வு’ இரண்டும் ஒன்றா? என் மகன் முதல் சொல்லை எழுதுகிறான். அவன் ஆசிரியை இரண்டாவதுதான் சரி என்கிறார். எனக்கு இயல்பாகவே குழப்பம் வருகிறது.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ‘இயல்பாகவே’ என்று எழுதிவிட்டீர்களே! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கழுத்து வலிக்கும். ஆண்டு மலருக்காகப் படம் எடுத்துக்கொள்ளப் போயிருந்தேன். ஸ்டுடியோக்காரர் என் மோவாயைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். தோளை இறக்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். எல்லாம் முடிந்ததும், “இப்போது இயல்பாக இருங்கள்” என்றார். படத்தைப் பார்த்த என் மனைவி, “யார் இது, உங்கள் பெரியப்பாவா?” என்று கேட்டாள்.

இரண்டும் ஒன்றல்ல. வாடகைக்குப் பத்து வீடு பார்த்துவிட்டு, பதினோராவது வீட்டில் கால் வைத்ததும் ‘இது வேண்டாம்’ என்று தோன்றினால் அது உள்ளுணர்வு. பார்த்த பத்து வீடும் அதற்குள் இருக்கின்றன. இயல்பூக்கத்துக்கு முன்னனுபவமே வேண்டாம். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சு இரவில் மணலைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது. முட்டையிட்ட கையோடு தாய் கடலுக்குப் போய்விட்டது, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வெளிச்சமான பக்கம் பார்த்து ஓடும். இருண்ட கரையில் கடல்தான் வெளிச்சமான பக்கம், ஆகவே தப்பு நேரவில்லை. இப்போது தெருவிளக்கு எரிகிறது, குஞ்சு சாலைக்கு வந்துவிடுகிறது. கற்காமல் வந்ததைத் திருத்திக்கொள்ள அதற்குத் தெரியாது.

‘இயல்பூக்கம் எதற்கு, பிறவிக் குணம் என்றால் போதாதா?’ என்று திருச்சிப் புலவர் ஒருவர் ஆறு மாதமாக அஞ்சலட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். போதாது ஐயா. குணம் சும்மாவும் கிடக்கும். ஊக்கம் பிடித்துத் தள்ளும். அவர் துணைக்கு அழைப்பது ஔவையை. சித்திரம் கைப்பழக்கம், செந்தமிழ் நாப்பழக்கம், நடைகூடப் பழக்கம்தானாம். ‘கொடையும் பிறவிக் குணம்’ என்று முடிகிறது பாட்டு. அந்தக் கடைசி அடியோடு எனக்கு நெடுநாள் சண்டை. கொடாதவனுக்கு இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்? “என்ன செய்வது, பிறவியிலேயே இல்லை” என்று கையை விரித்துவிடலாம். எங்கள் சந்தாதாரர்கள் பலர் மற்ற அடிகளை மறந்துவிட்டு இதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். புலவரின் சந்தாவே சென்ற ஆடியோடு முடிந்துவிட்டது. அஞ்சலட்டை மட்டும் தவறாமல் வருகிறது.